தெற்கு நாடுகளின் கொடுக்கல் வாங்கல்: கணக்கு எழுதுவது எப்படி?

வளரும் நாடுகள் தமக்குள் செய்துகொள்ளும் உதவியைத் தெற்கு–தெற்கு ஒத்துழைப்பு என்கிறார்கள். பிரேசில் நாட்டு வேளாண் விஞ்ஞானிகள் மாலிக்குப் போய்ப் பருத்தி ரகங்களைப் பரிசோதிப்பது அதில் ஒன்று. கியூபா மருத்துவர்கள் சியரா லியோனின் எபோலா வார்டுகளில் வேலை பார்த்ததும், சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய காற்று ஆற்றல் நிறுவனத்துக்குப் பிற வளரும் நாடுகளின் பொறியாளர்கள் வந்து காற்றாலைத் தொழில்நுட்பம் கற்றுக்கொண்டு போவதும் அதில் சேரும். ஏறத்தாழ எழுபது ஆண்டுகளாக இது நடந்துவருகிறது. ஆனால் ஆண்டுக்கு மொத்தம் எவ்வளவு என்று கேட்டால், எல்லோரும் ஒப்புக்கொள்ளும் ஓர் எண் கிடையாது. எண்ணத் தெரியாததால் வந்த நிலை அல்ல இது. எதை எண்ணுவது, எந்த விலை போடுவது, யார் பெயரில் எழுதுவது என்பதில்தான் இழுபறி.

1955 ஏப்ரலில் இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் 29 கூடின. அந்த மாநாட்டையே இந்த ஒத்துழைப்பின் தொடக்கமாகச் சொல்வது வழக்கம். இந்தியா 1964 செப்டம்பர் 15 அன்று ஐடெக் என்ற பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. 1978இல் அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸில் 138 நாடுகள் கூடி, வளரும் நாடுகளுக்கிடையிலான தொழில்நுட்ப ஒத்துழைப்புக்கென ஒரு செயல்திட்டத்தை ஏற்றன. அது ஏற்கப்பட்ட செப்டம்பர் 12ஐத்தான் ஐ.நா. இன்று தெற்கு–தெற்கு ஒத்துழைப்பு நாளாகக் கடைப்பிடிக்கிறது. இத்தனை மாநாடுகளிலும் நட்பைப் பற்றிப் பேசிய அளவுக்குப் பேரேட்டைப் பற்றி யாரும் பேசவில்லை.

பணக்கார நாடுகளின் பக்கத்தில் பேரேடு முன்பே தயாராக இருந்தது. பாரிஸில் இயங்கும் ஓஇசிடி அமைப்பின் கீழ் 1961 முதல் வளர்ச்சி உதவிக் குழு என்று ஒன்று உண்டு. 1969இல் அது ‘அதிகாரபூர்வ வளர்ச்சி உதவி’ என்ற கணக்குத் தலைப்பை உருவாக்கி, 1972இல் வரையறையை இறுக்கியது. பணம் அரசிடமிருந்து வர வேண்டும், ஏழை நாட்டின் வளர்ச்சியே முக்கிய நோக்கமாக இருக்க வேண்டும், கடனாக இருந்தால் அதில் கணிசமான சலுகை இருக்க வேண்டும் என்பவை அதன் நிபந்தனைகள். இன்று கடனை முழுத்தொகைக்கும் உதவியாக எழுதுவதில்லை. நூறு ரூபாய் கடன் கொடுத்து, வரவிருக்கும் தவணைகளின் இன்றைய மதிப்பு அறுபது ரூபாய் என்றால், நன்கொடைக்குச் சமமான நாற்பது மட்டுமே உதவிக் கணக்கில் ஏறும். 2018ஆம் ஆண்டுக் கணக்கு முதல் இந்த முறைதான். இப்படி எண்ணித்தான், 2024இல் அந்தக் குழுவின் உறுப்பு நாடுகள் கொடுத்தது 21,210 கோடி டாலர், முந்தைய ஆண்டைவிட 7.1 சதவீதம் குறைவு என்று முதற்கட்டக் கணக்கிலேயே சொல்ல முடிந்தது.

இந்த அளவுகோலை அப்படியே எடுத்துக்கொண்டால் என்ன என்ற கேள்வி இயல்பானது. இந்தியாவும் சீனாவும் பிரேசிலும் அதற்கு இணங்கியதில்லை. ‘கொடையாளி’ என்ற பெயரையே அவை விரும்புவதில்லை. தங்களுடையது சமமானவர்களுக்கிடையே நடக்கும் பரிமாற்றம், கேட்டவர் கேட்டதைக் கொடுப்பது, கொள்கை நிபந்தனை போடாதது, இரு தரப்புக்கும் பயன் தருவது என்பது அவற்றின் நிலை. இதற்குப் பின்னால் ஓர் அச்சமும் உண்டு. தெற்கின் உதவி பெரிய எண்ணாக அச்சில் ஏறிவிட்டால், ‘நீங்களே பார்த்துக்கொள்கிறீர்களே’ என்று வடக்கு கையை உதறிவிடும். அதனால்தான், தெற்கு–தெற்கு ஒத்துழைப்பு வடக்கின் உதவிக்குத் துணையே தவிர மாற்று அல்ல என்ற வாசகம் ஐ.நா. ஆவணங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. அச்சத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதையே காரணமாகச் சொல்லி, தன் வரிப்பணம் எங்கே போனது என்று கேட்கும் சொந்த நாட்டுக் குடிமகனுக்கும் பதில் சொல்லாமல் இருந்துவிடுவது வசதியான பழக்கமாகிவிட்டது.

அளவுகோல் உண்மையிலேயே பொருந்தாத இடங்களும் இருக்கின்றன. மெக்சிகோவும் சிலியும் 2006இல் ஒரு கூட்டு நிதியை ஏற்படுத்தின. ஆண்டுக்கு ஆளுக்குப் பத்து லட்சம் டாலர் போடுகின்றன. அந்தப் பணத்தில் இரு நாட்டு நிபுணர்களும் சேர்ந்து திட்டங்கள் நடத்துகிறார்கள். இதில் கொடுப்பவர் யார், பெறுபவர் யார்? இரண்டே கட்டங்கள் உள்ள படிவத்தில் இதை எழுத இடமே இல்லை.

அடுத்த சிக்கல் விலை. 2022இல் இலங்கை பொருளாதார நெருக்கடியில் தத்தளித்தபோது, ஏப்ரல் 29 அன்று தமிழகச் சட்டப்பேரவை ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. 40,000 டன் அரிசி, 500 டன் பால் பவுடர், 137 வகை உயிர்காக்கும் மருந்துகள் ஆகியவற்றை அனுப்ப மாநில அரசு முன்வந்தது. அரிசி 80 கோடி, மருந்து 28 கோடி, பால் பவுடர் 15 கோடி, ஆக 123 கோடி ரூபாய் என்று அவையில் மதிப்புச் சொல்லப்பட்டது. மே 18 அன்று முதல் கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்து கிளம்பியது.

அரிசிக்கு மட்டும் கணக்குப் போட்டால் கிலோ இருபது ரூபாய் வருகிறது. அதே நேரத்தில் தமிழ்நாட்டு ரேஷன் கடையில் அரிசிக்கு விலையே கிடையாது. சென்னை மளிகைக் கடையில் வேறு விலை. கொழும்பில் அரிசி விலை அப்போது எகிறிக்கொண்டிருந்தது. கொடுத்தவரின் செலவைப் பார்ப்பதா, உலகச் சந்தை விலையைப் பார்ப்பதா, பெற்றவர் அந்த அரிசியைத் தம் ஊரில் வாங்கியிருந்தால் கொடுத்திருக்க வேண்டிய விலையைப் பார்ப்பதா? மூன்றுக்கும் மூன்று மொத்தங்கள் வரும். சாக்கு, லாரி வாடகை, கப்பல் கூலி எல்லாம் எந்தத் தலைப்பில் போகும் என்பது தனிக்கேள்வி. யார் பெயரில் எழுதுவது என்பதும் சிக்கல்தான். கொடுத்தது மாநில அரசு, போனது மத்திய அரசின் வழியாக, இலங்கைப் பதிவேட்டில் ஏறியிருப்பது ‘இந்தியா’ என்று. கவனமாக இல்லாவிட்டால் ஒரே மூட்டை இரண்டு இடத்தில் எண்ணப்படும், அல்லது எந்த இடத்திலும் எண்ணப்படாமல் விட்டுப்போகும்.

பொருளுக்காவது சந்தை விலை என்று ஒன்று இருக்கிறது. ஆட்களின் உழைப்புக்கு விலை போடுவது இதைவிடக் கடினம். ஐரோப்பிய ஆலோசகர் ஒருவர் ஆப்பிரிக்க நாட்டில் இரண்டு வாரம் தங்கிச் செய்யும் வேலையை இந்தியப் பொறியாளர் ஒருவரும் அதே தரத்தில் செய்யலாம். இவருக்கு அரசுச் சம்பளமும் படியும்தான். டாலரில் எழுதும்போது இந்தியாவின் பங்கு மிகச் சிறியதாகத் தெரியும். வாங்குதிறன் வேறுபாட்டைச் சரிக்கட்டி எழுதினால் எண் பெருகும், ஆனால் அப்போது பட்ஜெட்டில் உண்மையில் செலவான தொகையோடு அது பொருந்தாது.

கியூபாவின் கதை இன்னும் சிக்கலானது. 2014 அக்டோபரில் எபோலாவை எதிர்கொள்ள அந்நாடு 165 மருத்துவர்களையும் செவிலியர்களையும் சியரா லியோனுக்கு அனுப்பியது. கியூபச் சம்பளக் கணக்கில் அந்த உதவி அற்பத்தொகை, மற்ற நாடுகள் ஆள் அனுப்பத் தயங்கிய நேரத்தில் அதன் மதிப்போ வேறு. ஆனால் 2013 முதல் 2018 வரை பிரேசிலின் ‘மயிஸ் மெடிகோஸ்’ திட்டத்தில் வேலை பார்த்த கியூப மருத்துவர்களுக்காக பிரேசில் அரசு பணம் செலுத்தியது, அதில் பெரும்பங்கைக் கியூப அரசு எடுத்துக்கொண்டது. முன்னது உதவி என்றால் பின்னது சேவை ஏற்றுமதி என்றுதான் சொல்ல வேண்டும். கியூபா இரண்டையும் ஒரே பெயரில் சொல்லலாம். புள்ளியியல் நிபுணர் இரண்டையும் பிரித்தாக வேண்டும்.

எல்லையை எங்கே போடுகிறோம் என்பதைப் பொறுத்து எண் எவ்வளவு மாறும் என்பதற்குச் சீனா நல்ல சாட்சி. 2013 முதல் 2018 வரையிலான ஆறு ஆண்டுகளில் 27,020 கோடி யுவான் வெளிநாட்டு உதவி கொடுத்ததாகச் சீன அரசு 2021இல் ஒரு வெள்ளை அறிக்கையில் சொன்னது. ஏறத்தாழப் பாதி மானியம், மறுபாதி பெரும்பாலும் சலுகைக் கடன். அமெரிக்காவின் வில்லியம் அண்ட் மேரி பல்கலைக்கழகத்தில் உள்ள எய்ட்டேட்டா என்ற ஆய்வுக்கூடம் வேறு வழியில் போனது. ஒப்பந்தங்கள், செய்திகள், கடன் பெற்ற நாடுகளின் ஆவணங்கள் எல்லாவற்றையும் திரட்டி, 2000 முதல் 2017 வரை 13,427 திட்டங்கள், 84,300 கோடி டாலர் என்று கணக்கு வெளியிட்டது. ஆண்டுகள் வேறு என்பதைக் கழித்துப் பார்த்தாலும் இடைவெளி பிரம்மாண்டமானது. ஒருவர் பொய் சொல்கிறார் என்று இதற்குப் பொருள் இல்லை. இரண்டாவது கணக்கின் பெரும்பகுதி, சந்தை வட்டிக்கு நெருக்கமாக அரசு வங்கிகள் கொடுத்த கடன்.

இலங்கைக்கு 2022இல் இந்தியா செய்ததாகச் சொல்லப்படும் ஏறத்தாழ 400 கோடி டாலர் உதவியையும் இப்படிப் பிரித்துப் பார்க்கலாம். அத்தியாவசியப் பொருட்கள் வாங்க 100 கோடி டாலர் கடன் வசதி, எரிபொருள் வாங்க 50 கோடி டாலர் கடன் வசதி, மத்திய வங்கிகளுக்கிடையே 40 கோடி டாலர் நாணய மாற்று ஏற்பாடு, ஆசிய தீர்வு ஒன்றியத்தின் வழியே இலங்கை இந்தியாவுக்குச் செலுத்த வேண்டிய பாக்கிக்குத் தவணை நீட்டிப்பு ஆகியவை அதில் பெரிய பகுதிகள். பாக்கிக்கு அவகாசம் கொடுத்தால் புதிதாகப் பணம் கைமாறுவதில்லை. நாணய மாற்று, திரும்பி வர வேண்டிய பணம். பாரிஸ் முறைப்படி எண்ணினால் 400 கோடியில் உதவியாக நிற்பது சொற்பமே. ஆனால் பெட்ரோல் பங்க்குகளில் இரவு பகலாக வரிசை நின்ற அந்த மாதங்களில் இலங்கைக்குத் தேவைப்பட்டது அவகாசம்தான். எந்த அளவுகோலும் இந்த இரண்டையும் ஒரே எண்ணில் அடக்கிவிட முடியாது. பகுதி பகுதியாகப் பிரித்துக் காட்டுவது ஒன்றே நேர்மையான வழி.

பிரித்துக் காட்ட வேண்டுமானால் முதலில் தகவல் ஓர் இடத்தில் சேர வேண்டும். இந்தியாவில் வெளியுறவு அமைச்சகத்துக்குள் 2012இல்தான் வளர்ச்சிக் கூட்டுறவுக்கென ஒரு தனிப்பிரிவு வந்தது. பூடான், நேபாளம் போன்ற நாடுகளுக்கான மானியங்கள் அந்த அமைச்சகத்தின் பட்ஜெட்டில் பெயர் சொல்லி இருக்கும். கடன் வசதிகள் எக்ஸிம் வங்கி வழியே போகும். 60க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு 3,000 கோடி டாலருக்கு மேல் கடன் வசதி என்று அரசு சொல்வது ஒப்புதல் கொடுத்த தொகை. உண்மையில் கைமாறியது அதைவிடக் குறைவு, பல ஆண்டுகளில் பரவியும் கிடக்கும். செய்திகளில் இவ்விரண்டும் அடிக்கடி குழம்பிவிடுகின்றன. அண்டை நாடுகளும் பயன்படுத்துவதற்காக 2017 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட தெற்காசியச் செயற்கைக்கோளுக்குச் சுமார் 235 கோடி ரூபாய் ஆனது. அதைக் கட்டியது விண்வெளித் துறை. அந்தச் செயற்கைக்கோளை இந்தியாவும் பயன்படுத்தும்போது, பூடானுக்குப் போன பங்கு எவ்வளவு என்பதை யார் எப்படிப் பிரிப்பது?

ஒரு பயிற்சி இடத்தையே எடுத்துக்கொண்டாலும் இதே நிலைதான். ஐடெக் திட்டத்தில் வருபவரின் விமானக் கட்டணம், பாடக் கட்டணம், தங்குமிடம், கைச்செலவுப் படி எல்லாம் இந்தியாவின் பொறுப்பு. இவை ரசீதில் இருக்கும். பாடம் எடுக்கும் விஞ்ஞானியின் சம்பளம் அவருடைய நிறுவனத்தின் வழக்கமான செலவில் கரைந்துவிடும். விண்ணப்பங்களைச் சலித்தெடுக்கும் தூதரக ஊழியரின் நேரம் எங்குமே எழுதப்படாது. பயிற்சிக்கு வந்தவருக்கு அந்த நாட்களில் சம்பளம் கொடுப்பது அவருடைய அரசு. அப்படியானால் அதுவும் ஒரு பங்களிப்புதானே என்று லத்தீன் அமெரிக்கர்கள் கேட்கிறார்கள்.

இந்த விஷயத்தில் மற்றவர்களுக்கு முன்னே போனவர்களும் அவர்கள்தான். ஸ்பெயின், போர்ச்சுகல், அந்தோராவோடு லத்தீன் அமெரிக்க நாடுகளும் சேர்ந்த 22 நாடுகளின் ஐபீரோ–அமெரிக்கப் பொதுச் செயலகம் 2007 முதல் தெற்கு–தெற்கு ஒத்துழைப்பு அறிக்கை வெளியிடுகிறது. பணத்தை முதலில் கேட்காமல், என்ன நடந்தது என்று கேட்டதே அவர்களின் சாமர்த்தியம். எத்தனை முயற்சிகள், எந்தத் துறையில், எவ்வளவு காலம் என்று எண்ணத் தொடங்கினார்கள். ஒரு வாரப் பயிலரங்கும் மூன்றாண்டுத் திட்டமும் ஒன்றாக எண்ணப்படாமலிருக்க, தனி நிகழ்வு ஒரு வகை, திட்டம் வேறு வகை என்று பிரித்தார்கள். கொடுப்பவர், பெறுபவர் என்ற இரண்டோடு, இரண்டுமாக இருப்பவர் என்ற மூன்றாவது கட்டத்தையும் படிவத்தில் சேர்த்தார்கள். மெக்சிகோ–சிலி நிதி போன்றவற்றுக்கு இடம் கிடைத்தது இப்படித்தான். 2015இல் எல்லாத் தகவல்களும் இணையவழிப் பொதுத் தரவுத்தளத்துக்கு வந்தன.

பிரேசில் பணத்தையும் எண்ணிப் பார்த்தது. அந்நாட்டின் பொருளாதார ஆய்வு நிறுவனமான இப்பேயா, 2005 முதல் 2009 வரையிலான கணக்கை 2010இல் வெளியிட்டது. அமைச்சகம் அமைச்சகமாகக் கடிதம் எழுதி, வெளிநாட்டுப் பணிக்காக எந்த அதிகாரி எத்தனை மணிநேரம் செலவிட்டார் என்று கேட்டு வாங்கிய கணக்கு அது. மொத்தம் சுமார் 290 கோடி ரியால். அதில் முக்கால் பங்கு சர்வதேச அமைப்புகளுக்குக் கட்டிய பங்குத்தொகை என்று தெரியவந்தது பலருக்கு வியப்பு. மாலியின் பருத்தி நிலையம் போன்ற பெயர்பெற்ற திட்டங்கள் பணக் கணக்கில் சிறு துளிகளாகவே இருந்தன. மெக்சிகோவின் அமெக்சிட் முகமையும் அதிகாரிகளின் நேரத்துக்கு மதிப்புப் போட்டுச் சேர்க்கிறது.

இந்த அனுபவங்களெல்லாம் ஐ.நா.வுக்கு வந்து சேர்ந்தது நீடித்த வளர்ச்சி இலக்குகளின் வழியாக. வளரும் நாடுகளுக்குப் பல மூலங்களிலிருந்தும் கிடைக்கும் கூடுதல் நிதியைத் திரட்டுவது பற்றியது 17.3 என்ற உட்பிரிவு. அதற்கான குறியீட்டைத் திருத்தும் வேலையில், தெற்கு நாடுகளின் நிபுணர்களே எழுதிய ஒரு கருத்துச் சட்டகத்தை ஐ.நா. புள்ளியியல் ஆணையம் 2022 மார்ச்சில் ஏற்றது. விரும்பும் நாடு பின்பற்றலாம், கட்டாயம் இல்லை. மானியம், கடன் போன்ற பண வழிகள் அதில் முதல் பிரிவு. பணமாக இல்லாவிட்டாலும் பணமதிப்பு போடத்தக்க பயிற்சி, பொருள், நிபுணர் நேரம் போன்றவை இரண்டாம் பிரிவு. பணமதிப்பு போடவே கூடாதவை, அல்லது போட முடியாதவை மூன்றாம் பிரிவு. அவற்றை ஆட்கள், மணிநேரம், நிகழ்வுகள் என்று அவற்றுக்குரிய அலகிலேயே எழுதலாம். ரூபாயையும் மணிநேரத்தையும் கூட்டி ஒரே மொத்தம் காட்ட வேண்டும் என்ற வற்புறுத்தல் இல்லாததுதான் இதன் பெரிய தெளிவு. தரவைத் திரட்டும் பொறுப்பில் ஓஇசிடியோடு ஐ.நா.வின் வணிக, வளர்ச்சி அமைப்பான அங்டாடும் இருக்கிறது.

இதற்கு இணையாக, ஓஇசிடி வட்டாரத்தில் பிறந்த டாஸ்டு என்ற இன்னோர் அளவுகோலும் இயங்குகிறது. 2019ஆம் ஆண்டுக்கான அதன் முதல் தரவு 2021இல் வெளியானது. மேற்கு நாடுகளோடு லத்தீன் அமெரிக்க நாடுகள் சிலவும் அதில் கணக்குக் கொடுக்கின்றன. இந்தியாவும் சீனாவும் ஒதுங்கியே நிற்கின்றன. இரண்டு அளவுகோல்கள் இருப்பது குழப்பம்தான். ஆனால் பாரிஸ் வகுத்த விதியில் தம்மைப் பொருத்திக்கொள்ள மறுக்கும் நாடுகளுக்கு இரண்டாவது வாசல் திறந்திருப்பது, எந்தக் கணக்கும் வராமலிருப்பதைவிட மேல்.

பயனை அளப்பது இவை எல்லாவற்றையும்விடக் கடினம். இலங்கையில் 1990 என்ற எண்ணில் அழைக்கும் ‘சுவசெரிய’ ஆம்புலன்ஸ் சேவை 2016இல் மேல், தென் மாகாணங்களில் 88 வண்டிகளோடு தொடங்கியது. இந்தியாவின் மானியம் 76 லட்சம் டாலர். தமிழ்நாட்டில் 108 சேவையை நடத்தும் அதே நிறுவனம்தான் தொடக்கத்தில் அதை அமைத்துக் கொடுத்து, ஊழியர்களுக்கு ஹைதராபாத்தில் பயிற்சியும் அளித்தது. பின்னர் இன்னொரு மானியத்தில் அது நாடு முழுக்கப் பரவி, இலங்கை அரசின் சொந்த அமைப்பாகிவிட்டது. மானியத் தொகையை ஒரே வரியில் எழுதிவிடலாம். அழைப்பு வந்ததும் எந்த வண்டியை அனுப்புவது, வழியிலேயே என்ன முதலுதவி செய்வது என்ற நடைமுறை அறிவு கைமாறியதை அந்த வரி சொல்லாது. வண்டி சம்பவ இடத்துக்குப் போய்ச்சேர எடுத்த நேரம், ஆண்டுதோறும் ஏற்றிச்சென்ற நோயாளிகள் போன்ற விவரங்கள் இலங்கையிடம்தான் இருக்கின்றன.

அதனால்தான் பெறுபவரின் பதிவேடு கொடுப்பவரின் பதிவேட்டுக்கு இணையாகவே முக்கியம். கல்யாண வீட்டில் மொய் நோட்டு எழுதுவதும் வாங்கும் வீட்டார்தானே. நேபாள நிதி அமைச்சகம் ஆண்டுதோறும் வளர்ச்சி ஒத்துழைப்பு அறிக்கை வெளியிட்டு, இந்தியாவிடமிருந்தும் சீனாவிடமிருந்தும் வந்ததை மற்ற நாடுகளின் உதவியோடு ஒரே அட்டவணையில் போடுகிறது. டில்லியோ பெய்ஜிங்கோ வெளியிடத் தயங்கும் விவரம் பல நேரங்களில் காத்மாண்டுவில் கிடைத்துவிடும். அங்கும் ஓட்டைகள் உண்டு. 2003 முதல் இந்தியத் தூதரகம் உள்ளூர் அமைப்புகளோடு நேரடியாகச் சேர்ந்து கட்டிவரும் பள்ளிக்கூடம், சுகாதார நிலையம் போன்ற சிறு திட்டங்கள் நேபாளத்தின் மத்திய பட்ஜெட்டைத் தொடாமல் போகக்கூடியவை. இரண்டு பக்கக் கணக்கையும் ஒப்பிட்டுப் பார்ப்பவருக்கு நாட்காட்டியும் இடைஞ்சல். இந்தியாவின் நிதியாண்டு ஏப்ரல் 1இல் தொடங்குகிறது, நேபாளத்தினுடையது ஜூலை நடுவில், சீனாவினுடையது ஜனவரி 1இல். ஆண்டு மொத்தங்கள் ஒன்றோடொன்று பொருந்தாததற்கு மோசடியோ மறதியோ காரணமாக இருக்க வேண்டியதில்லை. பணம் எந்தத் தேதியில் கைமாறியது என்ற விவரம் இரு தரப்பிலும் இருந்தால் மட்டுமே அந்த வித்தியாசத்தைப் பிரித்துச் சொல்ல முடியும்.